குறைந்த விலையில் பழைய பாணி ஜீன்ஸ்: ராங்லர் கவ்பாய் கட் எப்படி?

'கிளாசிக்' என்று சீட்டு ஒட்டி வரும் ஆண்கள் ஜீன்ஸில் பாதிக்கு மேல் கிளாசிக்கே இல்லை, தொடையைத் தேய்த்து வெளுக்க வைத்திருப்பார்கள், துணி ரப்பர் போல இழுபடும், இடுப்பு எங்கேயோ கீழே நிற்கும். நேராக இறங்கும் கால், ஒரே சீரான அடர்நீலம், குனிந்தால் பின்னால் நழுவாத இடுப்பு, இவ்வளவு போதும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்றால் நான் முதலில் சொல்வது ராங்லரின் கவ்பாய் கட், 13எம்டபிள்யூஇசட் என்ற மாடல். 1947-இல் குதிரை ஏறுகிறவர்களுக்காக வந்த வடிவம். சேணத்தைக் கீறாமல் இருக்கத் தட்டை ரிவெட் (பாக்கெட் மூலையில் அடிக்கும் உலோகக் குமிழ்), உட்கார்ந்தால் உறுத்தாதபடி சற்று மேலே தைத்த பின்பாக்கெட், வழக்கமான ஐந்துக்குப் பதில் ஏழு பெல்ட் பட்டி.

இதில் எனக்குப் பிடித்தது துணிதான். துவைக்காமல் விறைப்பாக வரும் வகை முழுப் பருத்தி, ஒரு சதுர கெஜத் துணி 14.75 அவுன்ஸ், நல்ல கனம். சாதாரண டெனிமை உற்றுப் பார்த்தால் சாய்கோடுகள் ஒரே பக்கமாக ஓடும், அதனால்தான் சில ஜீன்ஸில் நாலு தடவை துவைத்ததும் கால் முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் முன்னால் வந்துவிடுகிறது. இதில் கோடுகள் இப்படியும் அப்படியுமாகத் திரும்பித் திரும்பி ஓடுவதால் அந்த இழுப்பு சமமாகிவிடும். அப்புறம் நிறம்: இண்டிகோ என்ற நீலச் சாயம் நூலின் மேற்புறத்தில்தான் ஒட்டுகிறது, உள்ளே வெள்ளைதான், அதனால் உடுத்த உடுத்த மடிப்புகளில் தானாகவே வெளுக்கும். கடையிலேயே வெளுத்ததை வாங்குவது, பாதி ஆயுள் போன துணிக்கு முழுக்காசு கொடுப்பது.

குறையும் உண்டு. முதலில் அட்டை கட்டிய மாதிரி விறைப்பாக இருக்கும், பொறுமை வேண்டும். பூட்ஸுக்கு மேல் விழுவதற்காகக் காலின் அடி கொஞ்சம் அகலம், ஒல்லிக் கால் பிடித்தவர்களுக்கு இது சரிவராது. பின்பாக்கெட்டில் டபிள்யூ வடிவத் தையலும் தோல் பட்டையும் பளிச்சென்று தெரியும், எனக்கு அது இல்லாமலே நன்றாக இருந்திருக்கும். இடுப்பு உயரம் என்பதால், தாழ்ந்த ஜீன்ஸில் போடும் அளவை நம்பி வாங்காதீர்கள், இந்த ஜீன்ஸின் இடுப்பு நிற்கும் இடத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

லீவைஸ் கம்பெனியின் 501 ஜீன்ஸ் பற்றியும் கேட்பார்கள். அழகில் குறை சொல்ல முடியாது, ஜிப்புக்குப் பதில் பட்டன், பொதுவாக விலை கூடுதல். ஆனால் அதே 501 என்ற பெயரில் முழுப் பருத்தியும் வருகிறது, எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்ததும் வருகிறது, உள்ளே தைத்த சீட்டைப் படிக்காமல் எடுக்காதீர்கள். ஜிப்தான் வேண்டும் என்றால் லீவைஸிலேயே 505 இருக்கிறது.

பெயர் தெரியாத மலிவு ஜீன்ஸும் தப்பில்லை, நூறு சதவீதப் பருத்தியா, ஜிப் உலோகமா, உள்பக்கம் திருப்பினால் தையல் பிரியாமல் இருக்கிறதா, இது மூன்றும் சரி என்றால் தாராளமாக வாங்கலாம். நீளம் குறைக்க வேண்டுமானால் ஒரு முறை துவைத்துக் காயவைத்த பிறகு டெய்லரிடம் கொடுங்கள், புதுத் துணியை அப்படியே வெட்டினால் சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே போய்விடும்.