யோசெமிட்டி அப்பர் பைன்ஸ்: கூலரை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்

ஆள் அரவமே இல்லாத காட்டுக்குள் டென்ட் போட்டுக் கிடக்க ஆசைப்படுபவர்களுக்கு அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டு சரிப்படாது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்கின் கிழக்குக் கோடியில், பைன் மரங்களுக்கு அடியில் ஏறத்தாழ 235 இடங்களை நெருக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்து டென்ட்டின் குறட்டை காதில் விழும். எதிரில் என்ன சமையல் என்று மூக்கே சொல்லிவிடும். இருந்தாலும் ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். காலையில் காரைத் தொடாமல் நடந்தே ஹேப்பி ஐல்ஸ் போய் அருவிப் பாதையில் ஏறிவிடலாம் என்கிற வசதி, இந்த நெரிசலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது.

இடம் கிடைப்பதுதான் முதல் மலையேற்றம். முன்பதிவு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் மட்டும். மாதந்தோறும் 15-ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு ஒரு மாத நாட்களை மொத்தமாகத் திறப்பார்கள். ஜூன் 15 முதல் ஜூலை 14 வரை தங்க வேண்டுமென்றால் பிப்ரவரி 15 அன்று காலை உட்கார வேண்டும். 7:05-க்கு வந்தால் கோடை வார இறுதிகள் காலியாகியிருக்கும். முதல் நாளே கணக்கில் நுழைந்து, கார்டு விவரத்தைப் பதிந்து, மூன்று நான்கு இட எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரம்தான் வேண்டும் என்று தேடினால் பக்கத்திலுள்ள லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் இரண்டையும் பாருங்கள். அப்பர் பைன்ஸில் ஓர வரிசை, பின்னால் காடு பார்த்த இடம் கிடைத்தாலே பெரிது. கழிப்பறைக்கு எதிரே அமைந்தால் இரவு முழுக்க டார்ச் வெளிச்சம் டென்ட்டில் அடிக்கும். தவறவிட்டவர்கள் சோர வேண்டாம். பயண நாள் நெருங்க நெருங்க ரத்தாகும் இடங்கள் தளத்துக்குத் திரும்பி வரும்; ஞாயிறு முதல் வியாழன் வரை என்று தேடினால் வாய்ப்பு கூடும்.

இவ்வளவு தட்டுப்பாட்டுக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1997 ஜனவரி வெள்ளத்தில் மெர்செட் ஆறு பள்ளத்தாக்கில் இருந்த அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்ற இரண்டு கேம்ப்கிரவுண்டுகளை அடித்துக்கொண்டு போனது. இரண்டும் பிறகு திறக்கவே இல்லை.

ஒரு இரவுக்கு 36 டாலர். ஓர் இடத்தில் 6 பேர், 2 கார் வரை. குழந்தையும் தலைக்கணக்கில் சேரும் என்பதால் இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் இரண்டு இடம் எடுக்க வேண்டிவரும். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. இந்த 36 டாலருக்கு ஒரு மேசை, ஒரு தீவளையம் (உள்ளே விறகு மூட்டும் வளையம்), ஒரு இரும்புப் பெட்டி கிடைக்கும். குடிநீர்க் குழாயும் ஃப்ளஷ் கழிப்பறையும் பொது. குளியலறை கிடையாது, கறி வில்லேஜ் வரை போய்க் காசு கொடுத்துக் குளிக்க வேண்டும். (பெயரைப் பார்த்து நாக்கைத் தீட்டிக்கொள்ள வேண்டாம், அது 1899-இல் அங்கே கூடார விடுதி தொடங்கிய தம்பதியின் குடும்பப் பெயர்.)

அந்த இரும்புப் பெட்டிக்கு வருவோம். இங்கே தங்குவதன் சூட்சுமம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஃபுட் லாக்கர் என்பார்கள். 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். சாப்பாடு, ஐஸ் போட்டு வைக்கும் கூலர் பெட்டி, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், ஈரத்துடைப்பான், குப்பைப் பை எல்லாம் இரவும் பகலும் இதற்குள் இருக்க வேண்டும். வாசனை வருகிற எதுவும் கரடிக்குச் சாப்பாடுதான். காலிக் கூலர்கூட வெளியே இருக்கக் கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

நம்மவர்கள் கோட்டை விடுவது 18 அங்குல உயரத்தில். சக்கரமும் இழுக்கும் கைப்பிடியும் வைத்த பெரிய கூலர் நுழையாது, அல்லது நுழைந்தும் கதவு மூடாது. வாங்குவதற்கு முன் கைப்பிடியோடு சேர்த்து அளந்து பாருங்கள். 17 அங்குலத்துக்குள் இருக்கட்டும். 27 அங்குல நீளம், 15 அங்குல அகலமுள்ள நடுத்தரக் கூலர் இரண்டைப் பக்கவாட்டில் நீட்டி வைத்தால் 54 அங்குலம், அடங்காது. நீளவாக்கை உள்நோக்கித் திருப்பினால் இரண்டும் 30 அங்குலத்தில் முடிந்துவிடும். மிச்சமுள்ள 15 அங்குல அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி: அரிசி, பருப்பு, அஞ்சறைப் பெட்டி, ஊறுகாய், எண்ணெய். அதன் மேலே சோப்புப் பை. ஒரு கூலரைக் குடிப்பதற்கும் இன்னொன்றைச் சமையலுக்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகள் ஜூஸுக்காக நாளுக்கு இருபது முறை திறக்கிற கூலரில் மாவும் தயிரும் இருந்தால் இரண்டாம் நாளே புளித்துப் பொங்கும்.

சமைக்கும்போது பெட்டிக் கதவைத் திறந்தே போட்டுவிடுவது அடுத்த தப்பு. ஆள் இருக்கும்போதே, பட்டப்பகலில், கரடி பின்பக்கமாக வந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டும். எடுத்ததும் மூடித் தாழைப் போடுங்கள். கழுவிய தண்ணீரில் மிதக்கும் சோற்றுப் பருக்கையை வடிகட்டிக் குப்பைத்தொட்டியில் போடவும், தரையில் கொட்ட வேண்டாம்.

பள்ளத்தாக்கு சுமார் 4,000 அடி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 96 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் படுத்தும், சின்ன குக்கர் எடுத்துப் போவது புத்திசாலித்தனம். பச்சை நிற ஒரு பவுண்டு புரொப்பேன் உருளை, 10,000 பிடியு (வெப்ப அளவு) பர்னர் ஒன்றை முழு வேகத்தில் எரித்தால் சுமார் 2 மணி நேரம் வரும். காலை, இரவு இருவேளைச் சமையலென்றால் நாளுக்கு ஒரு உருளை கணக்கு. விறகை நம்பிச் சமையலைத் திட்டமிடாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை மாலை 5 முதல் இரவு 10 வரைதான் தீ மூட்டலாம், பள்ளத்தாக்கில் சுள்ளி பொறுக்கவும் தடை.

கரடி என்றதும் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். இங்குள்ளவை அமெரிக்கக் கறுப்புக் கரடிகள். பெயர்தான் கறுப்பு, பெரும்பாலானவை பழுப்பு நிறம். 1998-இல் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட கரடிச் சேதங்கள் பதிவாயின. பெட்டியும் கண்டிப்பும் வந்தபின் அது அடியோடு குறைந்துவிட்டது. 2001 முதல் 2007 வரை கரடிகள் உடைத்த கார்களை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: எண்ணிக்கைக்கு மீறி அதிகம் அடி வாங்கியது மினிவேன்தான். பிள்ளைகள் சிந்திய தின்பண்ட வாசனை காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். நம் வீட்டு வண்டியின் பின்சீட்டை நினைத்துப் பாருங்கள். கார் சீட்டுக்கு அடியில் நொறுங்கிக் கிடக்கும் முறுக்கைக் கிளம்புவதற்கு முன் வேக்யூம் போட்டு எடுங்கள்; இருட்டிய பிறகு காரில் சாப்பாடு கூடவே கூடாது. கேம்ப்கிரவுண்டுக்குள் கரடி வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காமல் கூட்டமாகச் சத்தம் போட்டு விரட்ட வேண்டும். மனிதர் பக்கம் வந்தால் சோறு என்று பழகிய கரடியைக் கடைசியில் கொல்லத்தான் நேர்கிறது.

மானும் அணிலும் சாது என்று கை நீட்டிவிடாதீர்கள். கழுதைக்காது போல நீண்ட காதுள்ள மியூல் மான் முட்டும், உதைக்கும். தரை அணில் கடிக்கும். சும்மா உட்கார்ந்து பார்க்கத் தோதானது ஏகார்ன் மரங்கொத்தி. ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் துளை போட்டு, துளைக்கு ஒன்றாக ஓக் கொட்டையைச் செருகி வைத்திருக்கும். கொட்டை காய்ந்து சுருங்கித் துளை தளர்ந்துபோனால், பிடுங்கி வேறு சின்னத் துளைக்கு மாற்றும். நெல் குதிர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அக்கறை புரியும்.

நடைக்கு வந்தால், ஹேப்பி ஐல்ஸிலிருந்து வெர்னல் அருவிப் பாலம் 0.8 மைல், ஏற்றம் 400 அடி. பெரியவர்களும் மெதுவாகப் போய்வரலாம். பாலத்துக்கு மேலே மிஸ்ட் டிரெயில் என்ற பாதையில் 600-க்கும் மேற்பட்ட கருங்கல் படிகள். மே, ஜூனில் சாரல் தொப்பலாக நனைக்கும், படி வழுக்கும். செருப்போடு ஏறுகிறவர்கள் பாதியில் திரும்புகிறார்கள். 317 அடி வெர்னலின் உச்சியில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் தெரியும் குளத்தில் கால் நனைக்க இறங்கி அருவியோடு போனவர்கள் உண்டு. தடுப்புக் கம்பியைத் தாண்டவே கூடாது.

எந்த மாதம்? மே கடைசியும் ஜூன் முதல் பாதியும். பனி உருகி 2,425 அடி யோசெமிட்டி அருவி முழக்கமாக விழும். ஆகஸ்டில் போனால் பல ஆண்டுகளில் வெறும் பாறைக் கறைதான் மிச்சம். ஜூலையில் பகல் 32 டிகிரி, இரவு 14 வரை இறங்கும். மே இரவு 5, 6 டிகிரி. ஸ்லீப்பிங் பேக் உறையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண், பல பிராண்டுகளில், சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய கீழ் எல்லை. நிம்மதியான தூக்கத்துக்கு அதோடு 5, 6 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். குளிர் கீழிருந்துதான் ஏறும் என்பதால் சாதாரணக் காற்று மெத்தையை விட நுரைப் பாய் மேல்.

ஒரு மதிப்பெண் குறைந்தது எதனால் என்றால், கோடை மாலைகளில் நூற்றுக்கணக்கான தீவளையங்களின் புகை பள்ளத்தாக்கில் அப்படியே தங்கிவிடுகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். போன் சிக்னலும் மந்தம், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளவும். பள்ளத்தாக்கில் பெட்ரோல் பங்க் இல்லை. 120-ஆம் நெடுஞ்சாலை வழியாக வருபவர்கள் கிரேன் ஃப்ளாட்டில் நிரப்பிவிடலாம். காலி செய்யும் நேரம் நண்பகல். அடுத்து வருபவருக்கு உதவும் என்று பாதி உப்புப் பொட்டலத்தையும் எண்ணெய் பாட்டிலையும் லாக்கரில் விட்டுப் போகாதீர்கள். நண்பகலிலிருந்து அடுத்தவர் வரும்வரை அந்தக் கதவுக்குக் காவல் இல்லை.