ரைசன் 7 5700எக்ஸ்3டி: பழைய போர்டில் ஆறு மாதம்

ரைசன் 7 5700எக்ஸ்3டி ஏ.எம்.டி. நிறுவனத்தின் பிராசசர். என் பழைய மதர்போர்டில் அதை மாட்டி ஆறு மாதம் ஆகிறது. என் கம்ப்யூட்டர் 2021-இல் சேர்த்தது. ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜி.பி. ரேம், ஆர்.டி.எக்ஸ். 3060 கிராஃபிக்ஸ் கார்டு. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் புகைக்குண்டு விழுந்து நாலு பேர் ஒரே நேரத்தில் சுட ஆரம்பித்தால் படம் திக்கும். சராசரி 130 எஃப்.பி.எஸ். (ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை), அந்த நொடியில் மட்டும் 60. சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரித்த கடையில், "கார்டை மாத்துங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். 30,000 ரூபாய்க்குக் குறையாது.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து சோதித்தேன். ரெசல்யூஷனை 720-க்கு இறக்கி, கார்டின் வேலையைக் குறைத்தேன். திணறுவது கார்டு என்றால் எஃப்.பி.எஸ். ஏறியிருக்க வேண்டும், ஏறவே இல்லை. கார்டு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் அது 55 சதவீதத்தைத் தாண்டவில்லை. பிராசசரும் மொத்தத்தில் 50 சதவீதம்தான் காட்டியது, ஆனால் அந்த எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. பிராசசர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் 12 த்ரெட்டையும் (வேலைத் தடம்) தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு முழுதாக நிரம்பி நின்றன. கார்டு அவற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் கண்ணில் பட்டது. 3200 வேகத்தில் ஓட வேண்டிய ரேம் இத்தனை வருடமும் 2133-இல் ஓடியிருக்கிறது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை ஆன் செய்ததும் பைசா செலவில்லாமல் 10 எஃப்.பி.எஸ். கூடியது. எதையும் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

அப்புறம்தான் 5700எக்ஸ்3டி வாங்கினேன். பிராசசர் உட்காரும் இடம் அதே ஏஎம்4 சாக்கெட் என்பதால் போர்டும் ரேமும் அப்படியே இருக்கலாம். 8 கோர். உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ்தான், 3600-இன் 4.2-ஐவிடக் குறைவு. விஷயம் எல்3 கேஷில், அதாவது பிராசசருக்குள் இருக்கும் வேகமான நினைவகத்தில் இருக்கிறது: 32 எம்.பி. இருந்த இடத்தில் 96. கேம் அடிக்கடி கேட்கும் தகவல் பிராசசருக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது, ரேம் வரை போய்வர வேண்டியதில்லை. இப்போது சராசரி 210. சண்டைக்கு நடுவிலும் 120-க்குக் கீழே போவதில்லை. எனக்குச் சராசரியைவிட இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். கைக்குத் தெரிவது அதுதான்.

மாட்டும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரையே வராமல் போகலாம். இன்னொன்று பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால், கூலரை இழுக்கும்போது பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின் வளைந்தால் பிராசசரே வீணாகிவிடலாம். நான் அரை மணி நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தேன்.

பெட்டியில் கூலர் வராது. 3600-உடன் வந்த சின்னக் கூலர் இந்த 105 வாட்டுக்குப் போதாது. உயரமான டவர் கூலருக்குத் தனியாக 2,000 ரூபாய் ஒதுக்குங்கள். அது இருந்தும் மே மாத மதியத்தில், ஏ.சி. இல்லாத என் அறையில் 80 டிகிரி தொட்டது. 90 வரை தாங்கும் என்பதால் கவலைப்படவில்லை.

சைபர்பங்க் 2077 கேமை ரே டிரேசிங்கோடு (வெளிச்சத்தையும் நிழலையும் கணக்கிட்டு வரைவது, கார்டுக்குப் பெரிய சுமை) ஆடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். அங்கே என் கார்டு முன்பும் 98 சதவீதத்தில் நின்றது, இப்போதும் அங்கேயே நிற்கிறது. ஒரு எஃப்.பி.எஸ்.கூட மாறவில்லை.