சர்க்யூட்டில் சேர எது நல்ல வழி: ஓவர்ஹெட்டா, 45 பாகையா, நேர் பைனலா?

தரையிறங்க வரும் விமானங்கள் ரன்வேயை ஒட்டிச் சுற்றும் செவ்வகப் பாதைதான் சர்க்யூட். கன்ட்ரோல் டவர் இல்லாத சிறிய விமானத்தளத்தில் அதற்கு வரிசை போட்டுத் தர ஆளில்லை. ஓட்டுபவர்களே ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து, ரேடியோவில் சொல்லி ஒதுங்க வேண்டும். அதனால் எது சீக்கிரம் தரையிறக்கும் என்று நான் பார்ப்பதில்லை. எதில் மற்ற விமானங்கள் கண்ணில் படும் என்பதுதான் கேள்வி.

பிரிட்டனில் பழகிப்போனது ஓவர்ஹெட் ஜாயின். தளத்துக்கு மேலே 2000 அடியில் வந்து, காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக்கைப் பார்த்து ரன்வேயை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அப்புறம் சர்க்யூட் ஓடாத டெட் சைடில் 1000 அடிக்கு இறங்கி, விமானங்கள் மேலெழும் முனைக்கு மேலாகக் குறுக்கே கடந்து டவுன்விண்டுக்குப் (ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பக்கம்) போகலாம். புறப்படும் சிறிய விமானம் அந்த முனைக்குள் பெரும்பாலும் அவ்வளவு உயரம் ஏறியிருக்காது. முன்பின் தெரியாத தளத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் மேகம் தாழ்ந்திருந்தால் முடியாது. கிளைடர், பாராசூட் நடக்கும் தளத்தில் மேலே போவதே ஆபத்து. நாலு பேர் ஒரே நேரத்தில் வந்தால் எல்லோரும் தளத்தின் தலைக்கு மேல்தான் கூடுவார்கள்.

அமெரிக்க வழக்கம் வேறு. சர்க்யூட் உயரத்துக்கு வெளியிலேயே இறங்கிவிட்டு, டவுன்விண்டின் நடுப்பகுதிக்கு 45 பாகையில் நுழைவார்கள். ஒரே உயரத்தில் இருப்பதால் மற்ற விமானங்கள் தரையின் நிறத்தில் கரையாமல் அடிவானத்தை ஒட்டித் தெரியும். இறங்கிக்கொண்டே நுழைந்தால் இந்த லாபம் போய்விடும். தாழ்இறக்கை விமானத்துக்குக் கீழே இருப்பது மறையும், மேல்இறக்கை விமானத்துக்கு மேலே இருப்பது மறையும். தாழ்இறக்கை மேலேயும் மேல்இறக்கை அதன் கீழேயும் அமைந்தால் இருவருக்குமே தெரியாது. எந்த ரன்வே என்று முன்பே தெரிந்திருக்கவும் வேண்டும்.

நேர் பைனல், அதாவது சர்க்யூட்டைச் சுற்றாமல் தொலைவிலிருந்தே ரன்வேக்கு நேராக இறங்கி வருவது? விதி தடுக்கவில்லை, ஆனால் எனக்குப் பிடிக்காது. 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், நேராக வேகமாக வந்த இரட்டை எஞ்சின் செஸ்னா 340, சர்க்யூட்டில் இருந்த செஸ்னா 152 மீது மோதி மூவர் இறந்தனர். இருவருமே ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வேக வித்தியாசம் பெரிதென்றால் ‘மூன்று மைல் பைனல்’ என்ற அறிவிப்பு சில நொடிகளில் பழசாகிவிடும்.

எந்த வழியில் வந்தாலும் டவுன்விண்ட் நெரிசலாகத் தெரிந்தால் உள்ளேயே வட்டமடிக்காமல் வெளியே விலகி, மறுபடி நுழையலாம்.