எச்சரிக்கை: ஜெபக்கூட்டத்தில் ‘விதை’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

3,60,000 ரூபாய். அப்பா இறந்த பிறகு பெரம்பூரில் அஞ்சலகத்தில் அம்மா போட்டு வைத்திருந்த பணம். அதை வாங்கிய ஊழியக்காரர் இன்று, “உங்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது” என்று அம்மாவிடமே சொல்லி அனுப்புகிறார். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஊழியத்தின் பெயரை எழுதவில்லை. பெரிய திருச்சபை எதையும் சேர்ந்ததல்ல. கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து நடத்தும் தனி ஊழியம். அம்மா ஞாயிறு ஆராதனைக்கு எங்கள் சபைக்குத்தான் போவார். வெள்ளி உபவாச ஜெபத்துக்கு மட்டும் அங்கே. அயனாவரம், வியாசர்பாடியிலிருந்தெல்லாம் அம்மா வயதுப் பெண்கள் வருவார்கள், பலர் கணவனை இழந்தவர்கள். கொடுப்பதைப் பற்றிய பைபிள் பகுதிகளான மல்கியா மூன்றாம் அதிகாரம், லூக்கா 6:38, ஏழை விதவையின் இரண்டு காசு என்று மாற்றி மாற்றிப் பிரசங்கம். பிறகு சாட்சி: காணிக்கையை விதையாக விதைத்தேன், வீடு கட்டினேன், மகனுக்கு விசா கிடைத்தது. அதன் பிறகு திட்டம். ஊழியத்தார் நடத்தும் கட்டுமானத் தொழிலில் பணம் போட்டால் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய், அம்மாவின் தொகைக்கு 10,800. கேட்ட அன்றே போட்ட முதல் திரும்பிவிடும்.

பணம் வாங்க அந்த ஊழியக்காரர் வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, தரையில் முழங்கால் போட்டார். அப்பாவின் படத்துக்குக் கீழே ஸ்டூலில் நோட்டுக்கட்டுகள்; அவற்றின் மேல் கை வைத்துக் கண்ணீர் வழிய ஜெபித்தார். மூட்டுவலியால் அம்மாவால் எழ முடியவில்லை, அவரே கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார். “அம்மா, இனி நீங்கள் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை” என்றார். பக்கத்தில் நின்ற நானும் அழுதேன். பிறகு கார்பன் தாள் வைத்து ரசீது எழுதினார். மேலே வசனம், கீழே முத்திரை, நடுவில் “காணிக்கை” என்று அச்சடித்த வரி. வைப்பு, கடன், வட்டி என்று ஒரு சொல்லும் இல்லை. கேட்டேன். “எல்லாருக்கும் இதே ரசீதுப் புத்தகம்தான் சிஸ்டர்” என்றார்.

சில மாதம் பணம் வந்தது, பிறகு நின்றது. கணக்கர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வங்கியில் சிக்கல் என்றார்கள். ஐயா நாற்பது நாள் உபவாசத்தில் இருக்கிறார், யாரையும் பார்ப்பதில்லை என்றார்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்காவது கொஞ்சம் கொடுங்கள் என்று அம்மா கேட்டபோது, தலையில் எண்ணெய் பூசி ஜெபித்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் நானும் தம்பியும் போய் நின்றோம். ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது காணிக்கை. கர்த்தருக்குக் கொடுத்ததில் கை வைத்த அனனியா, சப்பீராளுக்கு என்ன நடந்தது தெரியுமல்லவா?” என்றார்.

எழுபது வயது தாண்டிய பெண்ணின் மருந்துச் செலவுக்கு, இரண்டு பேர் செத்து விழுந்த கதை பதில்! அவர்கள் செத்தது, நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்துப் பொய் சொன்னதற்காக. விற்குமுன் அந்த நிலம் உன்னுடையதுதானே என்று பேதுரு அதே அதிகாரத்தில் கேட்கிறார். இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி வாராவாரம் பேசுகிறவர்கள் அதற்குச் சற்று முன்னால் இருக்கும் மாற்கு 12:40ஐ ஒரு நாளும் வாசித்ததில்லை. விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு அதிக ஆக்கினை என்று இயேசு சொல்வது அங்கேதான். 3,60,000 ரூபாயை விழுங்கியவருக்கு அது தெரியாதா?

பணத்தைவிட எனக்குத் தாங்காதது, அம்மா இப்போது தன் ஜெபத்தில்தான் குறை என்று நம்புவது. கஷ்டம் வந்தால் விசுவாசக் குறைவு என்று அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நேர்மையாக வாழ்ந்தும் எல்லாம் இழந்த யோபுவுக்கு என்ன குறை இருந்தது?

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். லாபம் தருவதாகச் சொல்லிக் காணிக்கை ரசீது நீட்டினால் பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். பணம் போய்விட்டதென்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, மோசடி செய்தவரின் சொத்தை அதன்படி முடக்க முடியும். ஊழியக்காரர் மேல் புகார் கொடுத்தால் சாபம் வரும் என்பார்கள், காதில் வாங்காதீர்கள்.

நாங்கள் புகார் எழுதிவிட்டோம். இதே மாதிரி ரசீது வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துவிடாமல் எங்களோடு வாருங்கள்.