மாருதி ஜிப்சி: ஏலத்தோட்டப் பாதையில் பத்தாண்டுக்கும் மேலான அனுபவம்

நான்கு சக்கரமும் இழுக்கும் மாருதி ஜிப்சியில் பழையது ஒன்று வாங்கலாமா என்று யாராவது கேட்டால், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று நான் விசாரிப்பதில்லை. வண்டி நிறுத்தும் இடம் சிமெண்டுத் தளமா, மண் தரையா என்றுதான் கேட்பேன். மண் தரையில் ஜாக்கி புதையும். ஜாக்கி புதைகிற இடத்தில் வண்டிக்கு அடியில் படுக்க யாருக்கும் துணிச்சல் வராது. அடியில் படுக்க மனமில்லாதவருக்கு இந்த வண்டி சரிப்படாது.

என்னுடையது 2006-ஆம் ஆண்டு ஜிப்சி கிங், துணிக்கூரை வைத்தது. தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டத்துக்குப் பத்தாண்டுக்கும் மேலாகப் போய்வந்துகொண்டிருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு வருவது உருளைக்கற்களும் செம்மண்ணும்தான். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பாதை எது, ஓடை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போடியில் ஜீப் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் டீசல் ஜீப்புகளை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் பெட்ரோலில் ஓடும் ஜிப்சியை அவர்கள் ஜீப் கணக்கில் சேர்ப்பதில்லை. கார் மெக்கானிக்குகளோ அதைக் கார் என்று ஒப்புக்கொள்வதில்லை. வேலையை நானே கையில் எடுத்துக்கொண்டதற்கு ஆர்வத்தைவிட இதுவே பெரிய காரணம்.

வண்டியின் குணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1298 சி.சி., 16 வால்வு, 80 குதிரைத்திறன். எஸ்டீம் காரில் வந்த அதே வகை எஞ்சின் என்பதால் அதன் பாகங்களுக்கு இதுவரை அலைந்ததில்லை. இழுவிசை 103 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 4500 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கும். மெதுவாக ஏற வேண்டிய இடத்தில் எஞ்சின் திணறும். தயங்காமல் லோ ரேஞ்சுக்கு, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியருக்கு, மாற்றிவிட வேண்டும். இதன் உண்மையான பலம் எடையில் இருக்கிறது. ஒரு டன்னை ஒட்டிய எடை மட்டுமே என்பதால், கனமான ஜீப் சக்கரம் புதைந்து நிற்கும் சேற்றில் இது மேலாக நழுவிப் போய்விடும். மலையில் லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் கொடுக்கிறது. சொகுசு பற்றிப் பேசவே வேண்டாம். நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங்; பவர் ஸ்டீயரிங் கிடையாது. பின்னிருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து வந்த என் மாமியார், அதன் பிறகு பஸ்ஸில்தான் வருகிறார்.

பராமரிப்பில் மிகுதியாக நேரம் தின்பது முன் அச்சின் நக்கிள் பகுதி, அதாவது சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டு. சக்கரம் திரும்புவதற்காக மேலும் கீழுமாக இரண்டு கிங்பின்கள் (மூட்டின் அச்சாணிகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு கூம்பு பேரிங், அழுத்தத்தைச் சரிசெய்ய மெல்லிய ஷிம் தகடுகள் என்று அமைப்பு எளிமையானதுதான். பேரிங் தேய்ந்து இறுக்கம் குறைந்தால், அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்ததுமே ஸ்டீயரிங் கைகளை உதறித் தள்ளுவதுபோல் நடுங்கத் தொடங்கும். முதல்முறை அனுபவிப்பவருக்குச் சக்கரமே கழன்றுவிட்டது என்றுதான் தோன்றும்.

இதற்குப் பலரும் செய்வது, ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) ஒன்றை வாங்கி மாட்டுவது. நடுக்கம் உடனே நிற்கும். சில மாதம் கழித்து முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். எங்கள் ஊரில் ஜீப் அச்சு வேலையிலேயே வயதான ஒரு மெக்கானிக்கிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “தம்பி, ஆடுகிற பல்லை நூல் போட்டுக் கட்டிவைத்தால் எத்தனை நாளைக்கு மெல்ல முடியும்?” என்றார்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அவர் காட்டிக்கொடுத்த முறை இது. முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில் இருக்கிறது. மிதித்த பிறகும் ஆடினால் அது கிங்பின். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. பழைய ஜிப்சி வாங்கப் போகிறவர்கள், பேரம் பேசுவதற்கு முன்பே இதைச் செய்துபார்க்கலாம்.

கிங்பின் என்று தெரிந்தால் அன்றைய பொழுது போயிற்று. காலிப்பர், ஹப், ஸ்பிண்டில் எல்லாவற்றையும் கழற்றி, ஆக்ஸில் ஷாஃப்டை உருவி எடுத்துவிட்டு, பழைய கிரீஸை டீசலில் கழுவ வேண்டும். ஹப் நட்டுக்கான பெரிய சாக்கெட்டை லேத்துப் பட்டறையில் தடித்த குழாயை வெட்டிச் செய்துகொண்டேன். புது பேரிங் போட்டபிறகு ஷிம்களை ஒவ்வொன்றாக எடுத்தும் சேர்த்தும் பார்க்க வேண்டும். ஷிம் குறைந்தால் இறுக்கம் கூடும். அளவு சரியா என்று பார்க்க, கிரீஸ் கசியாமல் தடுக்கும் ஓரத்து சீலைப் போடுவதற்கு முன், இரு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு கழற்றிய நிலையில், நக்கிள் கையின் நுனியில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடையில் நக்கிள் நகரத் தொடங்கினால் சரி. என்னிடம் இருப்பது ஏலக்காய்ச் சாக்குக்கு எடை பார்த்த பழைய தராசு. ஓர் அச்சு வேலையின் தரத்தை அது சொல்கிறது என்பதில் எனக்குச் சின்னச் சந்தோஷம்.

சக்கரத்தின் உள்பக்கத்தில் கிரீஸும் எண்ணெயும் கலந்து வழிந்திருந்தால் வெளி சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. அச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் சீல் போய், அச்சின் நடுவில் சுழற்சியை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்கும். கிரீஸைக் கரைய விட்டு ஓட்டினால் பேரிங்கோடு ஆக்ஸில் மூட்டும் சேர்ந்து போகும்.

ஆயில் என்றதும் இன்னொன்று. ஜிப்சியில் கியர் ஆயில் நான்கு இடத்தில் இருக்கிறது: கியர்பாக்ஸ், முன் பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல். டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல், சின்ன ஷாஃப்ட் ஒன்றால் இணைந்து தனியாகத் தொங்குகிறது. அதைத் தாங்கும் ரப்பர்கள் இறுகிப்போனால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ‘டொக்’ என்று ஓர் இடி கேட்கும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து வண்டியையே விற்றவர்கள் உண்டு. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 வகை ஆயிலும் டிஃபரன்ஷியல்களுக்கு ஜிஎல்-5 வகையும் ஊற்றுகிறேன். ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தகச் சேர்க்கை கியர்பாக்ஸில் உள்ள பித்தளை வளையங்களுக்கு ஆகாது. எந்த இடத்திலும் வடிகால் நட்டைத் தொடுவதற்கு முன்னால் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இருந்த ஆயிலை வடித்துவிட்டு, ஊற்றும் நட்டு அசையாமல் நின்றால் வண்டி கிளம்பாது.

நான் செய்த மாற்றங்களில் மிக மலிவானதும் மிகவும் பயன்பட்டதும் ஒன்றுதான்: டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாயை நீட்டியது. ஏற்றத்தில் சூடேறிய அச்சு ஓடைக்குள் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. கம்பெனி வைத்த சின்ன மூடி காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அச்சுக்குள் உறிஞ்சும் விசை உண்டாகி, சீல்களின் வழியே தண்ணீர் ஏறிவிடும். அந்த மூடிக்குப் பதிலாக ஒரு முனையைப் பொருத்தி, பெட்ரோல் ஹோஸ் மாட்டி, சட்டகத்தை ஒட்டி மேலே கொண்டுபோய் பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டி, நுனியில் ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டரைச் செருகியிருக்கிறேன். சில நூறு ரூபாய் வேலை. ஆழமான தண்ணீரில் இறங்கிய மறுநாள் வடிகால் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பேன். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால், இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஹோஸ் போட்ட பிறகு ஆயில்தான் சொட்டுகிறது.

டயருக்கு வருகிறேன். இந்த வண்டிக்கு உரியது 205/70 ஆர்15. தோற்றத்துக்காகப் பலர் 235/75 போடுகிறார்கள். கணக்குப் போட்டால் விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து 733-க்குப் போகிறது. ஏறத்தாழ பத்து சதவீதம். வேகமானி 60 காட்டும்போது வண்டி 66-இல் ஓடும். அது பரவாயில்லை. ஏற்கெனவே கீழ்ச் சுற்றில் திணறும் எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் உயர்ந்துவிடுவதுதான் பிரச்சினை. ஸ்டீயரிங் கனக்கும், கிங்பின் பேரிங்கின் ஆயுள் குறையும். இவ்வளவையும் கொடுத்து அச்சுக்குக் கீழே கிடைப்பது மூன்று சென்டிமீட்டர் சொச்சம். நான் 215/75 ஆர்15-இல் நின்றுவிட்டேன். பொலேரோவுக்கு வரும் அளவு என்பதால் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். மலையில் டயர் கிழிந்தால் அதன் அருமை தெரியும்.

எந்த மாற்றமும் தனியாக வருவதில்லை; பின்னால் ஒரு பராமரிப்பு வேலையையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. கம்பத்தில் இருக்கும் என் நண்பரின் ஜிப்சி இதற்கு முழு உதாரணம். பட்டை ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருப்பதுதான் இதன் இயல்பான அமைப்பு. அதை அச்சுக்கு மேலே மாற்றினால் வண்டி ஐந்து அங்குலத்துக்குக் குறையாமல் உயர்ந்துவிடும். அவர் ஒரு பட்டறையில் அப்படிச் செய்தார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. பின்னால் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதன் மூட்டுகளான யுஜே கிராஸ்கள் அடிக்கடி போயின. ஸ்டீயரிங் கம்பி சாய்ந்து நின்றதால் பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பியது. பிரேக் ஹோஸ் எட்டவில்லை, நீளமாக்கினார். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின் அச்சே முறுக்கிக்கொண்டு பட்டையை வளைத்தது. அதைத் தடுக்க இன்னொரு கம்பியை வெல்டு வைத்தார். வளைவுகளில் அவரோடு போக எனக்கு இன்றும் அச்சம்தான்.

என் வண்டியில் உயரத்தைத் தொடவில்லை. பட்டைகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவி, பட்டையின் நுனியைச் சட்டகத்தோடு இணைக்கும் ஷேக்கிள்களின் ரப்பர் புஷ்களை எல்லாம் புதிதாக்கிக் கோத்தேன். இறுகிக் கிடந்த பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவத் தொடங்கியதும், உயரம் கூட்டினால்தான் கிடைக்கும் என்று நினைத்த வளைந்துகொடுத்தலில் பாதி கிடைத்துவிட்டது. குலுக்கலும் குறைந்தது. மாமியார் மட்டும் இன்னும் நம்பவில்லை.

வேறு கார்களின் மின்சாரப் பவர் ஸ்டீயரிங்கை வெட்டி ஒட்டும் வேலையும் நடக்கிறது. ஸ்டீயரிங் தண்டில் வெல்டு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கை வலித்தால் வலிக்கட்டும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. முன்பக்க இரும்புக் காப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நான் இரண்டு மாநிலத்திலும் ஓட்டுகிறவன். கழற்ற முடியாத எதையும் மாட்டுவதில்லை. ராணுவ ஏலத்தில் வாங்குகிறவர்கள் கவனிக்க: ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே உரியது; பெயிண்டை மாற்றாமல் தெருவில் இறக்க முடியாது. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது. என்னுடையது முந்தைய ஆண்டே முடிந்துவிட்டதால் தப்பித்தேன்.

இந்த வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது எஞ்சின் இல்லை, துரு. தரையில் ஒட்டிவைத்த ரப்பர் விரிப்பைத் தூக்கினால் தெரியும். நான் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, உலோகத் தரையைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் அடித்து, கழற்றிக் காயவைக்கக்கூடிய விரிப்பாகப் போட்டேன். சட்டகத்தின் பெட்டி போன்ற பகுதிக்குள், குறிப்பாகப் பின் ஷேக்கிளுக்கு அருகில், செம்மண் போய் அடைந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழைக்காலம் முடிந்ததும் துளைகளின் வழியே கம்பியை விட்டுக் கிளறி, தண்ணீரைப் பீய்ச்சினால் கைநிறையச் சேறு விழும். கழிவு ஆயிலை அடியில் தெளிக்கும் வழக்கம் இங்கே உண்டு. இரும்புக்கு அது நல்லதாக இருக்கலாம், ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

1985-இல் வந்த வண்டியின் தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. 2023-இல் மாருதியின் ஜிம்னி வந்தபிறகு, இன்னும் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்காதவர் இல்லை. ஜிம்னியை ஓட்டிப் பார்த்தேன். காயில் ஸ்பிரிங், கனமில்லாத ஸ்டீயரிங், எல்லாம் நன்றாகவே இருக்கிறது. தினமும் மதுரைக்குப் போய்வருகிறவன் என்றால் மாற்றியிருப்பேன். என் பாதைக்கு ஜிப்சி போதும்; அதில் எந்த நட்டு எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

உதிரிப் பாகங்கள் இன்றைக்குத் தட்டுப்பாடில்லை. எஞ்சின் பாகமும் பிரேக் பாகமும் கடையில் கிடைக்கின்றன. அரிதாகிக்கொண்டு வருபவை நக்கிள் சீல் தொகுப்பு, டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்கும் ரப்பர்கள், கண்ணாடிச் சட்டகத்து ரப்பர். இவற்றில் நல்லது கண்ணில் பட்டால், தேவை இருக்கிறதோ இல்லையோ, இரண்டாக வாங்கிவைத்துவிடுங்கள். சென்னைக்குப் போனால் புதுப்பேட்டையில் ஒரு பகல் சுற்றலாம். கதவு, பானெட், டிரான்ஸ்ஃபர் கேஸ் உடல் போன்ற உலோகப் பாகங்களுக்கு அந்த இடம் சரி. ரப்பரையும் பேரிங்கையும் அங்கே பழையதாக வாங்காதீர்கள்.