காலையில் கடல், மாலையில் ஒலிபெருக்கி: நிலாவெளி விடுதி ஒன்றின் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள்

இலங்கையின் திருகோணமலைக்கு அருகே நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உள்ள கடற்கரை விடுதிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அறையின் தூய்மை, காலை உணவின் சுவை, கடலுக்கு எவ்வளவு தூரம் என்பவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விருந்தினரின் பகற்பொழுதை அங்கே யார் திட்டமிடுகிறார்கள், அதை எப்படி நடத்துகிறார்கள் என்பது பற்றி எழுதப்படுவது குறைவு. குடும்பமாகச் சென்று தங்குபவர்களுக்கு விடுமுறையின் பாதி அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆகையால் இந்த மதிப்புரையில் நிலாவெளியிலுள்ள நடுத்தர அளவிலான ஒரு விடுதியின் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். விடுதியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் குறையாகச் சொல்லப்போகும் பலவற்றை இந்தக் கரையோரத்தின் வேறு விடுதிகளிலும் கண்டிருப்பதால், ஒன்றின்மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் என் தாயார், தங்கையின் குடும்பம், பிள்ளைகள் என்று எல்லா வயதினருமாகச் சென்றிருந்தோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலோடு தொடர்புடைய நிகழ்ச்சிகளை அங்கே கடலை அறிந்தவர்கள் திட்டமிட்டிருக்கிறார்கள். சிறுவர் கூடத்தைப் பிள்ளைகளை அறிந்த ஒருவர் நடத்துகிறார். மாலை நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டவர்களோ, முன்னால் அமர்ந்திருக்கும் விருந்தினர் யார் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வரவேற்பு மேசைக்கு அருகேயுள்ள வெண்பலகையில் மறுநாள் நிகழ்ச்சிகள் முதல்நாள் மாலையே எழுதப்படுகின்றன. நேரங்களை நிலையாக அச்சிட்டுத் தொங்கவிடாமல், படகோட்டிகளிடம் கேட்டபின்பே எழுதுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும்; தென்மேல் பருவக்காற்றினால் மேற்குக் கரை கொந்தளிக்கும் அதே மாதங்களில், மலைநாட்டின் மறைவில் இருக்கும் இந்தக் கரையில் நீர் தெளிந்து கிடக்கும். ஆயினும் அந்த அமைதி பெரிதும் காலைப்பொழுதுக்கே உரியது. நண்பகலை அண்டிக் காற்று எழும்பிவிட்டால் சிறு படகில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது சுகமாக இராது. எனவே நீர் விளையாட்டுகள் அனைத்தையும் காலையில் முடித்து, வெயில் நேரத்தைச் சிறுவர் கூடத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் தங்கியிருந்தபோது ஒருநாள் விடியற்காலையிலேயே படகுப் பயணத்தைப் பலகையிலிருந்து அழித்துவிட்டார்கள். காரணத்தையும் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். கட்டியிருந்த பணத்தை நாங்கள் கேட்குமுன்பே திருப்பித் தந்தார்கள். வருமானத்தை விட்டுக்கொடுத்து ஒரு நிகழ்ச்சியை நிறுத்தும் துணிவு எல்லா விடுதிக்கும் வாய்ப்பதில்லை.

புறாத்தீவுப் பயணம்தான் இவர்களின் சிறந்த நிகழ்ச்சி. நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள இந்தத் தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மாடப்புறாக்கள் வாழும் பாறைகளே இதற்குப் பெயரைத் தந்தன. திருகோணமலைக் கடற்பரப்பில் பதிவாகியுள்ள சுமார் 100 பவள இனங்களிலும் 300 பவளப்பாறை மீனினங்களிலும் பலவற்றை இதைச் சூழ்ந்த ஆழமற்ற நீரிலேயே காணலாம் என்பதால், விடுமுறை நாட்களில் இங்கே சனநெருக்கம் தாங்காது. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தோடு வார இறுதியும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். விடுதியின் படகுகள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு வழங்கத் தொடங்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் புறப்படுவதால், கூட்டம் வந்து சேர்வதற்குள் நாங்கள் நிம்மதியாக நீந்தி முடித்துவிட்டோம்.

நீரில் இறங்குமுன் வழிகாட்டி செய்த ஆயத்தங்களை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொழிலறிவு வெளிப்பட்ட இடம் அதுதான். ஒவ்வொருவருக்கும் முகமூடியைப் பொருத்தி, வாரைப் போடாமல் மூக்கால் மூச்சை உள்ளிழுக்கச் செய்து, அது முகத்தில் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தார். நீந்தத் தெரியாதவர்களையும் பயந்தவர்களையும் தனியாகப் பிரித்து, உயிர்காப்பு அங்கியோடு இடுப்பளவு நீரில் சுவாசக் குழாயால் மூச்சுவிடப் பழக்கியபின்பே அப்பால் அழைத்துச் சென்றார். பவளம் உயிருள்ளது, அதன்மேல் கால் வைத்தால் பல ஆண்டு வளர்ச்சி ஒரே மிதியில் முறிந்துவிடும், களைத்தால் நிற்காமல் மல்லாந்து மிதக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொன்னார். கருமுனைச் சுறாக்கள் வரும், அவை சிறியவை, மனிதரைக் கண்டால் தாமே விலகிப் போகும் என்பதையும் கரையிலேயே சொல்லிவைத்திருந்தார். அதனால் என் மருமகள் முதலாவது சுறாவைக் கண்டபோது அலறாமல், கையை நீட்டிக் காட்டினாள். அவர் எந்த ஹோட்டல் பாடசாலையிலும் படித்தவர் அல்லர். சாம்பல்தீவுப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை என்று பின்னர் அறிந்தேன்.

திமிங்கிலம் பார்க்கும் பயணமும் அதே ஒழுங்கோடு நடந்தது. திருகோணமலைத் துறைமுக வாயிலுக்கு அருகிலேயே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால், நீலத் திமிங்கிலங்களும் விந்துத் திமிங்கிலங்களும் கரைக்கு இவ்வளவு அண்மையில் வருகின்றன. மார்ச் முதல் ஓகஸ்ட் வரையான காலம் இதற்கு உகந்தது. நாங்கள் சென்றது அதன் இறுதிப் பகுதியில் என்பதால், காணக் கிடைக்காமலும் போகலாம் என்று பதிவு செய்யும்போதே சொன்னார்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையை எப்போது எடுக்க வேண்டும் என்பதை முதல்நாள் இரவே அறிவித்தார்கள். தூரத்தில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மூச்சு எழுந்தபோது வேறு படகுகள் அதை நோக்கி விரைந்தன. எங்கள் படகோட்டி வேகத்தைக் குறைத்து விலகியே நின்றார். சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

ஆனால் நாங்கள் கடலில் இருந்த அந்த நேரம் முழுவதும் என் தாயாருக்கு விடுதியில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. படகில் ஏற இயலாத முதியவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார், நீரை விரும்பாதவர்கள் ஆகியோரைப் பலகை கணக்கில் எடுக்கவே இல்லை. விளையாட்டறையில் கரம் பலகை இருந்தது, ஸ்ட்ரைக்கர் இல்லை. சதுரங்கக் காய்களில் ஒரு ராணி குறைந்திருந்தது. பெரும் செலவு வேண்டாம். நிழலான இடத்தில் சில கதிரைகள், நிறைவான ஒரு கரம் பலகை, தென்னோலை பின்னத் தெரிந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் இருந்திருந்தால் அந்தக் காலைப்பொழுது அவர்களுக்கும் நல்லதாகக் கழிந்திருக்கும்.

சிறுவர் கூடத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் நிறைகிறது. அதை நடத்துபவர் இளம் பெண். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அக்கா. பிள்ளையை ஒப்படைக்கும்போது வயது, ஒவ்வாமை, நீந்தத் தெரியுமா, எந்த மொழி பேசும் என்று கேட்டுப் பதிந்துகொள்கிறார். கையொப்பமிட்டவரைத் தவிர வேறு எவரிடமும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை. என் மைத்துனர் போய் அழைத்தபோதுகூடத் தங்கை வரும்வரை அவரைக் காத்திருக்க வைத்தார். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஜேர்மனியிலிருந்து வந்த இரு சிறுவர்களும் ஒரே கூட்டமாக இருந்த அந்த இடத்தில், அவர் விதிகளைப் பேசி விளக்க முற்படவில்லை. ஈரமணலில் கிளித்தட்டுக் கோடுகளைக் கீறி, நடுக்கோட்டில் தானே கிளியாக ஓடிக் காட்டினார். அடுத்த சுற்றில் எல்லோரும் விளையாடினார்கள். வெயில் ஏறியதும் உள்ளே அழைத்துச் சென்று கொக்கான் விளையாடக் கற்பித்தார். ஓட விரும்பாத ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல், புள்ளி எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுத்தார். மறுநாள் அவனே விளையாட வந்தான். ஆட்டங்கள் ஒவ்வொன்றும் பிள்ளைகள் சலிப்பதற்குச் சற்று முன்பே மாறின. கைத்தொலைபேசியை அந்த அறையில் நான் காணவில்லை.

சுற்றுலாப் பயணத்தில் அந்தக் கவனம் இருக்கவில்லை. கோணேசர் கோயிலுக்கும் பிரெட்ரிக் கோட்டைக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுகளுக்கும் ஒரே பயணமாக அழைத்துச் செல்கிறார்கள். புறப்படுவதோ காலை உணவு முடிந்து வெகுநேரம் கழித்து. கன்னியாவில் நின்றுவிட்டு, கோயில் இருக்கும் சுவாமி மலைக்குச் சென்றடையும்போது நடை சாத்தும் வேளையாகிவிட்டது. வெறுங்காலுடன் சூடேறிய கல்லில் நடக்க முதியவர்கள் பட்ட பாடு வேதனையளித்தது. அதிகாலையில் முதலில் கோயில், பின்னர் கோட்டையின் மரநிழலில் புள்ளிமான்கள், இறுதியில் கன்னியா என்று வரிசையை மாற்றினால் போதும். வழிகாட்டி இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவைக் காட்டிப் படமெடுக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது என்பதையோ, போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்ததையோ, அந்தக் கற்களே கோட்டைக்குப் போனதையோ, 1639இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்குச் சென்றதையோ அவர் சொல்லவில்லை. பேருந்தில் இருந்த பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது?

இனி மாலை நிகழ்ச்சிகள். இரவு உணவு தொடங்கியதும் நீச்சல் குளத்தருகே ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கிவிடும். பக்கத்து மேசையில் இருப்பவரோடு பேச இயலாது. அறிவிப்பாளர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாறிமாறிப் பேசினார். தமிழில் ஒரு சொல்லும் இல்லை. அன்றிரவு அங்கே இருந்தவர்களில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு ஆகிய இடங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருந்தன. “என்ன பிள்ளை சொல்லுறாங்கள்?” என்று என் தாயார் கேட்டுக்கொண்டே இருந்தார். திருகோணமலையில் தங்கியிருக்கும் ஒரு தமிழ்த் தாய் இப்படிக் கேட்க நேர்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. சங்கீதக் கதிரையும் நடனமும் தீப்பந்த விளையாட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பங்கேற்றவர்கள் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே ஆட்கள்.

விருந்தினரோடு சேர்ந்து விளையாடி, சேர்ந்து உண்ணும் பணியாளர்களை நடுநாயகமாக வைக்கும் முறையை, 1950இல் மல்லோர்க்காத் தீவில் கூடார முகாமாகத் தொடங்கிய கிளப் மெடிட்டரேனியன் நிறுவனம் உலகெங்கும் பரப்பியது. ஒருவரையொருவர் அறியாமல் வந்து சேர்ந்தவர்களைப் பழக வைப்பதற்கு அது பொருத்தமாக இருந்திருக்கும். மூன்று தலைமுறையாக வந்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பாட்டியும் பேரனும் ஒன்றாகச் செய்யக்கூடிய ஏதாவது தேவை. அது இல்லாததால்தான் முதியவர்கள் நேரத்தோடு அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கிழக்கு மாகாணத்தின் கூத்துக் கலைஞர்களையோ, கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடலையோ அந்த மேடையில் கேட்க முடியவில்லை என்பதும் பெரிய குறை. விடுதிக்கு முன்னாலேயே சில காலைகளில் கரைவலை இழுக்கிறார்கள். விருந்தினர் நின்று படமெடுக்கிறார்கள். அவர்களின் உழைப்பைக் காட்சிப் பொருளாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களின் இசைவோடும் உரிய கொடுப்பனவோடும், பாடத் தெரிந்த பெரியவர்களை ஒரு மாலை அழைத்தால், அந்த ஊருக்கு வந்ததன் பொருள் விருந்தினருக்கு விளங்கும்.

இதையெல்லாம் முகாமையாளரிடம் நேரில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மறுநாள் மாலை சிறுவர் கூடத்துப் பெண்ணையே மேடைக்கு அழைத்துத் தமிழிலும் அறிவிக்கச் செய்தார், ஒலியையும் குறைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்தில் கண்ணைக் குறிக்கும் ‘யானைக்குக் கண் வைத்தல்’ விளையாட்டு நடந்தபோது, “அம்மா, நீங்களும் வாங்கோ” என்று அவர் கூப்பிட்டதும், அதுவரை எழுந்திராத பெரியவர்கள் பலர் எழுந்து வந்தார்கள். என் தாயார் கண்ணை யானையின் வாலருகே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பை அண்மைக்காலத்தில் நான் கண்டதில்லை. ஆனால் அதற்கடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கு விடுப்பு. ஒலிபெருக்கி பழையபடியே முழங்கியது. ஒரு நல்ல பணியாளரின் கடமை நேரத்தை நம்பி மட்டும் நிகழ்ச்சிகளை நடத்த முடியாது. தமிழில் அறிவிக்கக்கூடிய இன்னொருவரை நியமிப்பதும், புறப்படும்போது தரும் கருத்துப் படிவத்தில் அறை, உணவு ஆகியவற்றோடு நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒரு கேள்வி சேர்ப்பதும் நிர்வாகம் உடனே செய்யக்கூடியவை. தற்போதைய படிவத்தில் அப்படியொரு கேள்வியே இல்லை.

பிள்ளைகளோடும் நீந்தக்கூடியவர்களோடும் செல்பவர்களுக்கு இந்த விடுதியைப் போன்ற ஓரிடத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் குளத்துக்கு அப்பாலுள்ள, தோட்டத்தைப் பார்த்த அறைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒலிபெருக்கியின் இரைச்சல் அங்கே அவ்வளவாக எட்டாது. சிறுவர் கூடம் எந்தெந்த நாட்களில் திறந்திருக்கும், படகுப் பயணம் நிறுத்தப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற இரண்டையும் பதிவு செய்யுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் படகுகள் செல்வதில்லை. அறை வாடகை குறைகிறது என்பதற்காக நவம்பரிலோ டிசம்பரிலோ செல்ல எண்ணுபவர்கள், நான் இங்கே பாராட்டிய கடல் நிகழ்ச்சிகள் அப்போது இரா என்பதைத் தெரிந்துகொண்டே செல்ல வேண்டும்.