எண்ணைத் தட்டினால் ஆட்டம் திறக்க வேண்டும்: ஒரு வீரர் தரவுச் சேவையைப் பற்றி

2023 ஆகஸ்டில் நான் இந்தச் சேவைக்கு முதல் சந்தா கட்டியதற்குக் காரணம் ஒரே ஆள், கால்பந்து வீரர் காய் ஹாவெர்ட்ஸ். செல்சி கிளப்பிடமிருந்து சுமார் 65 மில்லியன் பவுண்டுக்கு, எங்கள் குடும்பம் ஆதரிக்கும் ஆர்சனல் அவரை வாங்கிய அன்றே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை மூண்டுவிட்டது. பெரியப்பா மகன் எழுதினார்: "அவ்வளவு காசையும் தூக்கி ஆத்துல போட்டுட்டாங்கம்மா. இவன் நடுக்களத்து ஆளும் இல்ல, ஸ்ட்ரைக்கரும் இல்ல." என் தம்பி விடவில்லை: "அண்ணா, 2021 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல கோல் போட்டவரு அவரு." இரண்டு பேருமே அவர் ஆடியதை முழுதாகப் பார்த்தது அரிது. நானும் அப்படித்தான். ஆளாளுக்கு நினைவில் இருந்த இரண்டு காட்சிகளை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வாதாடினோம்.

நான் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறவள். பேரேட்டில் ஒரு தொகை இருந்தால் அதற்கு வவுச்சர் எங்கே என்று கேட்டே பழகிய கை. கால்பந்து பற்றிய பேச்சில் எண்கள் பறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரிப்பு உண்டு. இந்தச் சேவையை நான் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான்: இதில் எந்த எண்ணைத் தட்டினாலும் அந்த எண்ணை உண்டாக்கிய காட்சிகள் வரிசையாக ஓடும். பெயரைச் சொல்லவில்லை. இதே ஏற்பாட்டில் நாலைந்து சேவைகள் இருக்கின்றன. நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் அந்த வகை முழுவதற்குமே பொருந்தும்.

முதலில் இது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்தில் பந்தைத் தொடும் ஒவ்வொரு செயலும், பாஸ், டேக்கிள், ஷாட், பந்தோடு ஓட்டம் எல்லாமே, மைதானத்தின் எந்தப் புள்ளியில் எந்த நொடியில் நடந்தது என்று பதிவாகிறது. அதை வீரர்வாரியாகத் திரட்டி, 90 நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டு, அதே இடத்தில் ஆடும் மற்ற வீரர்களோடு ஒப்பிட்டு, பூ போன்ற ஒரு வட்ட வரைபடமாகக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இதழ். இதழ் நீளமாக இருந்தால் அந்த வேலையில் அவர் முன்வரிசை, குட்டையாக இருந்தால் பின்வரிசை. பார்க்க அழகாக இருக்கும். குழுவில் அனுப்பினால் சண்டை முடிந்தது என்று தோன்றும். ஆனால் முடியாது.

ஹாவெர்ட்ஸ் விஷயத்திலேயே அதைக் கற்றுக்கொண்டேன். 2023 இலையுதிர்காலத்தில் அவரை நடுக்களத்தின் இடது பக்கம் ஆட வைத்தார்கள். சேவை அவரை 'நடுக்கள வீரர்' என்ற தட்டில், அதாவது ஒப்பீட்டுப் பிரிவில், வைத்தது. அந்தத் தட்டில் அவருடைய பாஸ் இதழ்கள் குட்டை, தலையால் பந்தை வெல்லும் இதழ் மட்டும் நீளம். பெரியப்பா மகன் படத்தைப் பார்த்துவிட்டு "நான் சொன்னேன்ல?" என்றார். சேவையின் அமைப்பில் (செட்டிங்ஸில்) தட்டை 'ஸ்ட்ரைக்கர்' என்று மாற்றிப் பார்த்தேன். அதே ஆள், அதே ஆட்டங்கள், படம் வேறு! பாஸ் இதழ்கள் எழுந்து நின்றன. ஒரு வீரரின் திறமை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருந்தது.

அதன் பிறகு படத்தை ஓரம் வைத்துவிட்டுக் காட்சிகளுக்குப் போனேன். பெனால்டி பெட்டிக்குள் அவர் பந்தைத் தொட்ட இடங்களை மட்டும் வடிகட்டினேன். ஒவ்வொன்றிலும் பந்து வருவதற்கு முந்தைய நாலைந்து நொடிகளும் சேர்ந்து வரும். அது பெரிய உபகாரம். ஆள் எங்கிருந்து கிளம்பினார், எந்தத் தற்காப்பாளரின் முதுகுப்பக்கம் நழுவினார் என்று தெரிந்தது. அந்த செப்டம்பர் 30 அன்று போர்ன்மத்துக்கு எதிரான 4-0 ஆட்டத்தில் சக வீரர்கள் பெனால்டியை அவர் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். ஆர்சனலுக்காக அவர் போட்ட முதல் கோல் அது. அதை ஏதோ இரக்கம் என்று பலர் பேசினார்கள். அந்த ஓட்டங்களை வரிசையாகப் பார்த்திருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்துகொண்டுதான் இருந்தார். சீசனின் பிற்பாதியில் அவரை முன்னால் தள்ளி ஸ்ட்ரைக்கராக்கினார்கள். லீக்கில் 13 கோல்களோடு முடித்தார். பெரியப்பா மகன் தோற்றார் என்று சொல்ல வரவில்லை. 'நடுக்களத்து ஆள் இல்லை' என்று அவர் சொன்னது சரிதான். ஆள் நல்லவரா இல்லையா என்ற கேள்வியையே நாங்கள் தப்பாகக் கேட்டிருந்தோம். எந்த வேலைக்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஒரு வசதிக்காகவே கட்டிய காசு தகும் என்பேன். அதில் குறை சொல்ல ஒன்றே ஒன்று: ஆட்டம் முடிந்து காட்சிகள் வந்து சேரத் தாமதம். ஆட்டம் முடிந்த இரவு சண்டை சூடாக இருக்கும்போது இது கைகொடுக்காது. மறுநாள் மதியத்துக்குள் வந்துவிடும்.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். 21 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு வீரர் பக்கத்திலும் மேலே பெரிதாக ஒரு எண் இருக்கிறது: 'எதிர்கால மதிப்பு', நூற்றுக்கு இத்தனை. சேவை முழுவதிலும் தட்டினால் திறக்காத எண் இது ஒன்றுதான். வவுச்சர் கிடையாது. வயது, ஆடிய நிமிடம், லீக்கின் தரம் ஆகியவற்றைக் கொண்டு கணித்தது என்று ஒரு வரி விளக்கம், அவ்வளவே. ஆனால் விவாதத்தில் எல்லோரும் முதலில் தூக்கிக் காட்டுவது இதைத்தான்.

இது ஏன் ஆபத்து என்பதற்கு எங்கள் அணியிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். நடுக்கள வீரர் மார்ட்டின் எடெகார்ட் 2015 ஜனவரியில் 16 வயதில் ரியல் மாட்ரிட் போனார். பிறகு ஹீரன்வீன், விட்டெஸ், ரியல் சோசிடாட் என்று லோனில், அதாவது வேறு கிளப்புகளுக்குத் தற்காலிகமாக ஆட, ஊர் ஊராக அனுப்பினார்கள். "அந்தப் பையன் காணாமப் போயிட்டான்" என்று கால்பந்து உலகம் பாதி முடிவு கட்டிவிட்டது. 2021-ல் ஆர்சனலுக்கு வந்தார், 2022 ஜூலையில் கேப்டன் ஆனார். தற்காப்பாளர் வில்லியம் சலீபாவை 2019-ல் 18 வயதில் வாங்கினோம். செயின்ட் எட்டியன், நீஸ், மார்செய் என்று மூன்று சீசனில் பெரும்பகுதி பிரான்சிலேயே ஓடியது. லீக்கில் அவர் முதல்முறை ஆர்சனல் சட்டையோடு இறங்கியது 2022 ஆகஸ்டில், கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில். அதற்கு முந்தைய சீசன் பிரெஞ்சு லீக்கின் சிறந்த இளம் வீரர் அவர்தான். ஆனாலும் "ஏன் வாங்கினோம், ஏன் வச்சிருக்கோம்" என்ற புலம்பல் எங்கள் குழுவில் ஓயவில்லை. அதில் என் குரலும் இருந்தது. 2023 மார்ச்சில் அவர் முதுகு வலியால் வெளியே உட்கார்ந்தார், லீக் பட்டம் கையை விட்டுப் போனது. அந்த ஏப்ரல் மாதம் முழுதும் நான் அந்தப் பழைய வார்த்தைகளை நினைத்து வருந்தியிருக்கிறேன். 19 வயதில் இவருக்கு ஒரு எண் போட்டிருந்தால் எந்த எண் சரியாக இருந்திருக்கும்?

நிமிடக் கணக்கு அடுத்த சிக்கல். 90 நிமிடத்துக்கு இத்தனை என்று சொல்வது நியாயமான முறைதான். கடைசியில் இறங்குகிறவரையும் முழு ஆட்டம் ஆடுகிறவரையும் ஒப்பிட வேறு வழி இல்லை. ஆனால் ஒரு பையன் 20 நிமிடம் ஆடி ஒரு கோல் போட்டால் கணக்கு 90 நிமிடத்துக்கு 4.5 கோல் என்று காட்டும். உலகத்தில் யாரும் அப்படி ஆடியதில்லை. குறைந்தது 900 நிமிடம் ஆடியவர்களை மட்டும் காட்டு என்று வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது, ஆனால் அமைப்புக்குள் இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். அது முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டியது. எங்கள் இளம் வீரர் ஈதன் வானேரி பற்றி என் தம்பி அனுப்பிய முதல் படம் இப்படி வடிகட்டாமல் எடுத்ததுதான். 2022 செப்டம்பரில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக 15 வயது 181 நாளில் இறங்கி, பிரீமியர் லீக்கின் மிக இளைய வீரர் ஆனவர் வானேரி. எங்கள் வலது விங் வீரர் புக்காயோ சாகாவோடு ஒப்பிட்டு, "அக்கா, சாகாவை விட மேல வந்துருவான் பாரு" என்று எழுதியிருந்தான். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அப்போது அவர் ஆடியிருந்த நிமிடங்களை ஒரு கையில் பிடித்துவிடலாம்.

2024 டிசம்பரில் சாகாவுக்குத் தொடையின் பின்தசை (ஹாம்ஸ்ட்ரிங்) கிழிந்தபோது வானேரிக்கு வலது விங்கில் தொடர்ந்து ஆட வாய்ப்பு வந்தது. அப்போதுதான் இந்தச் சேவை உண்மையாகவே உதவியது. சாகாவும் வானேரியும் இடதுகால்காரர்கள், இருவரும் வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வருகிறவர்கள். பந்தை வாங்கும் புள்ளிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். சாகா ஓரக் கோட்டை ஒட்டி நின்று, எதிரணியின் லெஃப்ட் பேக்கை (இடது ஓரத் தற்காப்பாளரை) தன்னிடம் இழுத்து, உள்ளே வெட்டவும் வெளியே ஓடவும் இரண்டு வழியையும் திறந்து வைக்கிறார். வானேரி பந்தைக் கேட்பதே இரண்டு தப்படி உள்ளே. அவர் உடம்பு நடுக்களத்துக்காரரின் உடம்பு, முதல் தொடுதலிலேயே கோலைப் பார்க்கத் திரும்புகிறது. இதைத் தம்பிக்கு ஆறு காட்சியாக அடுக்கி அனுப்பினேன். "அப்ப இவன் சாகாவோட மாற்று இல்லையா அக்கா? எடெகார்ட் இடத்துக்கா?" என்று கேட்டான். அன்றைக்கு இரவு நாங்கள் பேசியது போல் ஒரு கால்பந்துப் பேச்சு அதற்கு முன் பேசியதில்லை.

எங்கள் இன்னொரு இளம் வீரர் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி விஷயத்தில் தட்டுப் பிரச்சினை திரும்ப வந்தது. நடுக்களத்தில் வளர்ந்த பையன், லெஃப்ட் பேக்காக ஆடுகிறார், ஆட்டத்தின் பெரும்பகுதி உள்ளே வந்து நடுக்களத்திலேயே நிற்கிறார். சேவை அவரை ஓரத் தற்காப்பாளர்களோடு ஒப்பிட்டு 'கிராஸ் குறைவு' என்கிறது. ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அனுப்பும் அந்தக் கிராஸ் போடுவது அவர் வேலையே இல்லை. முதுகில் ஆளை வைத்துக்கொண்டு பந்தை வாங்கித் தோளால் சுழன்று வெளியே வருகிறாரே, அந்தத் துணிச்சலுக்கு எந்த இதழும் கிடையாது. 2025 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் முதல்முறை இறங்கி 18 வயதில் கோலும் போட்டார்.

'இவரைப் போன்றவர்கள்' என்று ஒரு பட்டியல் பகுதியும் உண்டு. பொழுதுபோகப் பார்க்கலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

எந்தக் கட்டத்திலும் அடங்காத விஷயங்கள் இருக்கின்றன என்பதை 2025-ன் முதல் சில மாதங்கள் எனக்குக் காட்டின. பிப்ரவரியில் ஹாவெர்ட்ஸும் காயம்பட்டு, முன்வரிசையில் ஆளே இல்லாமல் போனபோது, நடுக்கள வீரர் மிக்கேல் மெரீனோவை ஸ்ட்ரைக்கராக இறக்கினார்கள். லெஸ்டர் அணியின் மைதானத்தில் மாற்று வீரராக வந்து இரண்டு கோல் போட்டு 2-0 என்று ஜெயிக்க வைத்தார். ஏப்ரல் 8 அன்று ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக எங்கள் நடுக்கள வீரர் டெக்லன் ரைஸ் நேரடி ஃப்ரீ கிக்கில் இரண்டு கோல் போட்டார். அதுவரை அவர் தொழில்முறை வாழ்க்கையில் ஒரு நேரடி ஃப்ரீ கிக் கோல்கூடக் கிடையாது. முதல் நாள் அவருடைய பக்கத்தைத் திறந்திருந்தால் அந்த இடத்தில் பூஜ்யம்தான் இருந்திருக்கும். 14 வயதில் செல்சி அகாடமி வேண்டாம் என்று அனுப்பிய பையன் அவர். இரண்டாவது பந்து மேல்மூலையில் போய் விழுந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று அழுதேன்.

இப்படிச் சொல்வதால் தரவே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆர்சனலே 2012-ல் ஸ்டாட்டிஎன்ஏ என்ற அமெரிக்கத் தரவு நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. கிளப்புகள் இதை நம்பிக் கோடிகளைப் போடுகின்றன. ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எக்ஸ்ஜி என்ற எதிர்பார்ப்பு கோல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேல் மதிப்பு என்று அது சொல்லும்போது, பெனால்டியைத் தவறவிட்ட வீரரைத் துரோகி போலப் பேசுவது எவ்வளவு அநியாயம் என்று புரிகிறது. நாலில் ஒன்று தவறத்தான் செய்யும். இந்தப் புரிதல் எங்கள் குழுவில் வசவைக் குறைத்திருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்.

வாடிக்கையாளர் கவனிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஒரு காட்சியில் கேப்ரியல் வென்ற தலைப்பந்து சலீபா பெயரில் பதிவாகியிருந்தது. எழுதினேன். இரண்டு நாளில் திருத்தி, நன்றி சொல்லிப் பதில் அனுப்பினார்கள். 'எதிர்கால மதிப்பு' எண்ணை எடுத்துவிடுங்கள் அல்லது அதன் கணக்கைத் திறந்து காட்டுங்கள் என்று மூன்று முறை எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

ஆட்டத்தை நேரில் அல்லது முழு நேரமும் உட்கார்ந்து பார்க்கிறவர்கள், பார்த்தது சரியா என்று சோதிக்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆட்டத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் அனுப்பி வாதாட நினைப்பவர்களுக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன். கைப்பேசியில் வட்ட வரைபடத்தின் எழுத்து படிக்க முடியாத அளவு சிறிது, கணினியில் பாருங்கள்.

மூன்றாவது சந்தா கட்டியது 2025 ஆகஸ்ட் மாதக் கடைசியில். அந்த வாரம்தான் லீட்ஸுக்கு எதிரான 5-0 ஆட்டத்தில் எங்கள் மேக்ஸ் டௌமன் 15 வயது 235 நாளில் லீக்கில் இறங்கினார், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டியும் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலையிலேயே தம்பி கேட்டான்: "அக்கா, அந்தப் பையனுக்கு எத்தனை போட்டிருக்கான் பாத்தியா?" எண்ணை அவனுக்கு அனுப்பவில்லை. மதியம் காட்சிகள் வந்ததும் அந்தப் பெனால்டிக்கு முந்தைய ஐந்து நொடியை வெட்டி அனுப்பினேன். பெரியப்பா மகன் முதலில் பார்த்துவிட்டார். "இன்னொரு தடவ போடும்மா, மெதுவா" என்று எழுதியிருந்தார்.